கிளம்புவதற்கு முன் ஒரு நிமிடம்!

சகோதரிகளே, இந்தக் கட்டுரை ஆகாய விமானத்தில் ஆரம்பித்து, ஆஸ்பத்திரி வழியாகப் போய், நம் வீட்டு வாசலில் வந்து இறங்கப் போகிறது. “விமானத்துக்கும் நமக்கும் என்னம்மா சம்பந்தம்? நாம் ஏறுவதே வருஷத்துக்கு ஒரு தடவையோ, ஆயுசுக்கு ஒரு தடவையோ!” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதுவும் உயிர் சம்பந்தம்.

எங்கள் ஊர் காஞ்சிபுரம். அதில் பிள்ளையார்பாளையம் என்றால் தறிச் சத்தம்தான் முகவரி. எங்கள் தறிகளுக்கு வேண்டிய பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. அதனால் பெங்களூர் எங்களுக்கு அசலூர் மாதிரியே தோன்றாது. போதாததற்கு, என் பெரியப்பா ஒருவர் அந்த ஊரில் விமான வேலை நடக்கும் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஒரு முறை அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சாலையின் பெயர்ப் பலகையைப் பார்த்தேன். ‘சுரஞ்சன் தாஸ் சாலை’ என்று எழுதியிருந்தது.

“யார் பெரியப்பா இந்த தாஸ்? மந்திரியா?” என்று கேட்டேன்.

“மந்திரி இல்லேம்மா. பிளேன் ஓட்டினவரு. புதுசா செஞ்ச பிளேன் பறக்குமா, விழுமான்னு தெரியறதுக்கு முன்னாடியே அதுல ஏறி உக்காந்தவரு” என்றார்.

அன்று கேட்ட அந்தக் கதையைப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அது ஒரு விமானியின் கதை மட்டுமல்ல என்று தோன்றியது.

பெங்களூரில் பிறந்த ‘மருத்’

சுதந்திரம் வந்த புதிதில் நம் விமானப் படைக்கு வேண்டிய போர் விமானங்களை எல்லாம் வெளிநாட்டிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தோம். நாமே ஒன்றைச் செய்தால் என்ன என்று அரசாங்கம் நினைத்தது. ஜெர்மனியில் பெயர் பெற்ற விமான நிபுணர் குர்ட் டாங்க் 1956-ல் தன் குழுவோடு பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தார். அவரும் நம் இந்தியப் பொறியாளர்களும் சேர்ந்து வரைந்து உருவாக்கிய ஜெட் போர் விமானம்தான் எச்.எஃப்-24. ‘மருத்’ என்று பெயர் வைத்தார்கள். வேதத்தில் வரும் காற்றுத் தேவர்களின் பெயர்.

முதலில் மரத்தால் முழு அளவில் ஒரு மாதிரி செய்து, அதை இன்னொரு விமானத்தின் பின்னால் கட்டி இழுத்து, மேலே கொண்டுபோய் விட்டு, மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். நம் வீடுகளில் புது டிசைனை நேராகப் பட்டில் போடாமல், கிராஃப் காகிதத்தில் கட்டம் கட்டமாக வரைந்து பார்க்கிறோம் அல்லவா, அந்த மாதிரி. பிறகு 1961 ஜூன் 17-ம் தேதி நிஜமான ஜெட் விமானம் முதல் முறையாகத் தரையை விட்டுக் கிளம்பியது. அதில் உட்கார்ந்திருந்தவர் சுரஞ்சன் தாஸ். இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்த எஸ்.ஆர். தாஸின் மகன். இங்கிலாந்து போய் சோதனை விமானிகளுக்கான தனிப் பயிற்சி பெற்று வந்தவர். 1964-ல் ‘கிரண்’ என்ற பயிற்சி விமானத்தை முதலில் பறக்கவிட்டவரும் அவர்தான். விமானப் படைப் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் நம் தாம்பரம் பள்ளியில் அந்தக் கிரண் விமானங்கள் வெகு காலம் பறந்தன.

மருத் அழகான விமானம். ஆனால் அதற்கு ஒரு குறை. எந்த எஞ்சினை மனத்தில் வைத்து வரைந்தார்களோ, அந்தப் பலமான எஞ்சின் கடைசி வரையில் கிடைக்கவில்லை. கைக்குக் கிடைத்த, சக்தி குறைந்த எஞ்சின்கள் இரண்டை வைத்தே ஓட்ட வேண்டியதாயிற்று. பத்துப் படி மாவு அரைக்கிற கிரைண்டருக்குச் சின்ன மோட்டாரைப் பூட்டினால் எப்படி இருக்கும்! ஓடும், ஆனால் முக்கி முனகித்தான் ஓடும். இதைச் சரி செய்ய, எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயுவில் மறுபடியும் எரிபொருளைப் பீய்ச்சி எரித்துக் கூடுதல் உந்துதல் தரும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். ‘ஆஃப்டர் பர்னர்’ என்பார்கள். அந்த ஏற்பாடு பொருத்திய சோதனை விமானத்தின் பெயர் மார்க் 1ஆர்.

1970 ஜனவரி 10. பொங்கலுக்கு நாலைந்து நாள்தான் பாக்கி. பெங்களூரில் அந்த மார்க் 1ஆர் விமானத்தில் குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் கிளம்பினார். தரையை விட்டு எழும்பிய சற்று நேரத்தில் விமானம் விழுந்துவிட்டது. தாஸ் உயிரிழந்தார். ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். விமானி உட்காரும் இடத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு மூடி இருக்கும் இல்லையா? அதன் பூட்டு சரியாக நிற்காமல் போனதுதான் காரணம் என்று விமான வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். புது எஞ்சின் ஏற்பாட்டைச் சோதிக்கக் கிளம்பிய விமானம். எல்லாருடைய கண்ணும் அந்த எஞ்சின் மேல்தான் இருந்திருக்கும். உயிரை வாங்கியதோ ஒரு மூடியின் பூட்டு!

அந்த வருஷமே அரசாங்கம் அவருக்குப் பத்ம பூஷண் விருது அளித்தது. சோதனை விமானிப் பள்ளியில் முதலாவதாக வருகிறவருக்குத் தருகிற கோப்பைக்கு இன்றும் அவர் பெயர்தான். மருத் விமானமும் வீண் போகவில்லை. 1971 டிசம்பர் யுத்தத்தில் ராஜஸ்தான் எல்லையில் பங்கெடுத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பலமான எஞ்சின் மட்டும் கடைசி வரை அதற்குக் கிட்டவில்லை.

கிளம்பும் நேரம் ஏன் பொல்லாத நேரம்?

விமானத்துக்கு இரண்டு சேமிப்பு உண்டு. ஒன்று உயரம், மற்றொன்று வேகம். மேலே முப்பதாயிரம் அடியில் ஏதாவது கோளாறு வந்தால், விமானிக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. உயரத்தைச் செலவு செய்து வேகம் வாங்கலாம், வேகத்தைச் செலவு செய்து உயரம் வாங்கலாம். பாங்கில் நாலு காசு இருக்கிற குடும்பம் மாதிரி.

கிளம்பும்போது இரண்டு சேமிப்பும் கையில் இல்லை. உயரமும் இல்லை, வேகமும் போதாது. எரிபொருளோ முழுக்க நிரம்பியிருக்கும், பாரம் அதிகம். எஞ்சினும் தன் முழு பலத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கும். மாசக் கடைசியில், கையில் ஒரு பைசா இல்லாதபோது காய்ச்சல் வருகிற மாதிரி! அந்தச் சமயத்தில் மேல் மூடி திறந்துகொண்டால் காற்றின் இரைச்சலும், இழுப்பும், அதிர்ச்சியும் சேர்ந்து எந்த விமானியையும் திணற அடித்துவிடும். திருத்திக்கொள்ள நிமிஷக் கணக்கில் அல்ல, விநாடிக் கணக்கில்தான் அவகாசம்.

பெரிய விமானங்களுக்கு, ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும், பாரத்தையும் ஓடுபாதையின் நீளத்தையும் கணக்குப் போட்டு ஒரு ‘தீர்மான வேகம்’ குறித்துக்கொள்வார்கள். அந்த வேகம் வருவதற்கு முன் கோளாறு தெரிந்தால் பிரேக் போட்டு நிறுத்திவிடலாம். தாண்டிவிட்டால் நிறுத்த முடியாது. கிளம்பித்தான் ஆக வேண்டும். அதனால்தான் பார்க்க வேண்டியதை எல்லாம் நிற்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள்.

நம் பக்கத்திலேயும் விமான விபத்து நடந்திருக்கிறது. எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி இருக்கிற அரக்கோணத்தில் கடற்படை விமான தளம் உண்டு. 1999 ஜனவரி 11-ம் தேதி, முதுகில் பெரிய தட்டு மாதிரி ரேடார் பொருத்திய ஒரு ஆவ்ரோ விமானம், அந்தத் தளத்தில் இறங்க வரும்போது அந்தத் தட்டு கழன்று விழுந்து நொறுங்கியது. விமானப் படையினரும் விஞ்ஞானிகளுமாக எட்டு பேர் போய்விட்டார்கள். பிறகு 2016 ஜூலை 22 யாருக்கு மறக்கும்? காலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயருக்குக் கிளம்பிய ஆன்டனோவ்-32 விமானம், 29 பேரோடு வங்கக் கடலின் மேல் மறைந்தது. அதன் சிதைவுகள் சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் கிடைத்ததாக 2024 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். ஏழரை வருஷம்! வாசலில் வழியனுப்பிவிட்டு உள்ளே வந்த அந்த வீட்டுப் பெண்கள் எப்படி ஏழரை வருஷத்தைத் தள்ளியிருப்பார்கள்? நினைத்தாலே நெஞ்சு பகீரென்கிறது.

ஞாபகசக்தியை நம்பாதே!

விபத்தைப் பார்த்து “விதி” என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் விமானத் துறை அப்படி விடவில்லை. ஒவ்வொரு சாவிலிருந்தும் ஒரு பாடத்தை எழுதி வைத்தது.

அதில் மிகப் பெரிய பாடம் 1935 அக்டோபர் 30-ம் தேதி அமெரிக்காவில் கிடைத்தது. போயிங் கம்பெனி செய்த புதிய குண்டு வீச்சு விமானத்தை ராணுவ அதிகாரிகள் முன் பறக்கவிட்டுக் காட்டினார்கள். ஓட்டியவர் மேஜர் ஹில், அனுபவசாலி. விமானம் கிளம்பி, விர்ரென்று செங்குத்தாக ஏறி, அப்படியே சரிந்து விழுந்தது. அவரும், உடனிருந்த போயிங் விமானி டவரும் இறந்தார்கள். காரணம் என்ன தெரியுமா? தரையில் நிற்கும்போது காற்றில் வால் பகுதி ஆடாமல் இருக்க ஒரு பூட்டுப் போட்டு வைத்திருப்பார்கள். கிளம்பும் முன் அதை எடுக்கவில்லை!

அந்த விமானத்தில் குறையே இல்லை. விமானிக்கும் திறமைக் குறைவு இல்லை. ஞாபகத்தில் வைக்க வேண்டியவை ஒரு மனிதத் தலைக்கு அதிகமாகிவிட்டன, அவ்வளவுதான். விமானிகள் உட்கார்ந்து யோசித்தார்கள். இன்னும் அதிகப் பயிற்சி வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு சின்ன அட்டையில், கிளம்பும் முன் பார்க்க வேண்டியவற்றை வரிசையாக எழுதினார்கள். ஒருவர் வாசிக்க வேண்டும், மற்றவர் பார்த்துத் தொட்டுப் பதில் சொல்ல வேண்டும். ‘செக் லிஸ்ட்’ என்கிறோமே, அது பரவியது இப்படித்தான். அதே வகை விமானம் பிறகு 12,000-க்கும் மேல் செய்யப்பட்டு உலக யுத்தத்தில் பறந்தது.

இன்றைக்கும் விமானி இருபது வருஷம் ஓட்டியவராக இருந்தாலும், அந்தப் பட்டியலை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுக் கிளம்ப முடியாது. பார்த்து, படித்துத்தான் ஆக வேண்டும். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

எங்கள் தறி வீட்டிலும் இது உண்டு. பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏற்றினால், பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். பிணைத்து முடித்ததும் உடனே நாடாவை வீசிவிட மாட்டார்கள். அறுந்த இழை இருக்கிறதா, அச்சில் ஒரே பல்லில் இரண்டு இழை மாட்டியிருக்கிறதா, விழுது சரியாகத் தூக்குகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். பிணைத்தவரே பார்த்தால் போதாது. “நீ ஒரு தடவை கையை வச்சுப் பாரும்மா” என்று என்னைக் கூப்பிடுவார் என் வீட்டுக்காரர். முப்பது வருஷத் தறிக்காரர்! அரை முழம் நெய்த பிறகு தெரிகிற தப்பை, நெய்வதற்கு முன்பே பிடித்துவிட்டால் சேலை பிழைத்தது. எங்களுக்குப் போவது சேலை. விமானத்துக்குப் போவது உயிர்.

பெரியப்பாவின் ஸ்பானர் கணக்கு

பெரியப்பா இன்னொன்றும் சொல்வார். சாயந்திரம் வேலை முடிந்ததும் ஆயுதங்களை எண்ண வேண்டுமாம். காலையில் எடுத்துப் போன ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் பலகையில் அதனதன் இடத்தில் வந்து உட்கார வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த விமானம் நகரக் கூடாது.

“ஒரு ஸ்பானர் என்ன பெரியப்பா, அம்பது ரூபா இருக்குமா?” என்று நான் சிரித்தேன்.

“ஸ்பானரு காணோம்னா ரூபா போச்சுன்னு யாரும் கவலைப்படலேம்மா. அது பிளேன் வயித்துக்குள்ள இருக்கான்னுதான் கவலை” என்றார் அவர்.

ஆபரேஷன் தியேட்டரில் பஞ்சையும் கத்தியையும் நர்ஸ் எண்ணுவது எதற்கு என்று இப்போது புரிகிறதா? அதே கணக்குதான். இடம்தான் வேறு!

ஆஸ்பத்திரிக்கு வந்த அட்டை

விமானிகளின் அந்த அட்டையை டாக்டர்கள் ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டவர்களில் முக்கியமானவர், இந்திய வம்சாவளியில் வந்த அமெரிக்க அறுவை நிபுணர் அதுல் கவாண்டே. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கு 19 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. மூன்று கட்டம். மயக்க மருந்து கொடுக்கும் முன் ஒன்று, கத்தி வைக்கும் முன் ஒன்று, நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறும் முன் ஒன்று. புது தில்லி உட்பட உலகின் 8 நகரங்களில் 8 ஆஸ்பத்திரிகளில் இதைச் செய்து பார்த்தார்கள். 2009-ல் வந்த முடிவு என்ன? ஆபரேஷனுக்குப் பிறகு இறப்பவர்கள் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தார்கள். சிக்கல்கள் நூற்றுக்கு 11 என்பதிலிருந்து 7 ஆயின. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. ஒரு காகிதமும், அதை உரக்கப் படிக்கும் பழக்கமும்தான்.

என் நாத்தனாருக்குச் சில வருஷங்களுக்கு முன் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் நடந்தது. வார்டில் ஒரு நர்ஸ் வந்து பெயர் கேட்டாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது இன்னொருத்தி கேட்டாள். தியேட்டர் வாசலில் மூன்றாவது முறை. என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

“என்னாடி இது, எத்தினி தடவை பேரைக் கேப்பீங்க? யாருன்னு தெரியாமலேயா வயித்தைக் கீறப் போறீங்க?”

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. “கோவிச்சுக்காதீங்க பாட்டி. ஆள் மாறிடக் கூடாதுன்னுதான் கேக்கறோம்” என்று சொல்லிவிட்டு, நாத்தனாரிடம் குனிந்து, “கட்டின பல்லு ஏதாவது இருக்காக்கா? கழட்டற மாதிரி?” என்று கேட்டாள்.

வார்டில் கேட்டபோது “இல்லை” என்று சொன்னவள்தான். கூடவே மருமகள் நின்றிருந்தாள், சொல்ல வெட்கம். இப்போது தனியாக, குரலைத் தணித்துக்கொண்டு, “முன்னால ரெண்டு பல்லு...” என்றாள். தகடு கழன்று நர்ஸின் கைக்கு வந்தது. மயக்கத்தில் இருக்கும்போது அது நழுவி மூச்சுக் குழாயில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று டாக்டர் பிறகு சொன்னபோது, “மூணு தடவை கேட்டது நல்லதாப் போச்சு” என்று என் மாமியாரே சொன்னார்.

ஆகவே, சகோதரிகளே, ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். கேட்காவிட்டால்தான் நீங்களே சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு முன் சொல்ல வேண்டியவை:

• உங்கள் பெயர், எதற்கு ஆபரேஷன், உடம்பில் எந்தப் பக்கம்.

• எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. முன்பு மயக்க மருந்தில் ஏதாவது தொந்தரவு வந்ததா.

• தினமும் சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ரத்தத்தை இளக்கும் மாத்திரை மட்டுமல்ல. நாட்டு மருந்தும், லேகியமும் கூட.

• கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது தண்ணீர் குடித்தீர்கள். “ஒரு வாய் காப்பிதானே” என்று மறைக்கக் கூடாது.

• கட்டின பல், ஆடுகிற பல், கான்டாக்ட் லென்ஸ், நகை, நகப்பூச்சு.

• கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், யார் பக்கத்தில் நின்றாலும் சரி, அதையும்.

பிரசவமும் ஒரு கிளம்பல்தான்

பிரசவத்துக்கும் 29 விஷயங்கள் கொண்ட ஒரு பட்டியலை உலக சுகாதார நிறுவனம் தயாரித்தது. அதை முதலில் கர்நாடகத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் செய்து பார்த்தபோது நர்ஸ்களின் வேலை முறை நன்றாகத் திருந்தியது. பிறகு உத்தரப் பிரதேசத்தில் 120 ஆரம்ப நிலை ஆஸ்பத்திரிகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களை வைத்துப் பெரிய ஆராய்ச்சி நடந்தது. 2017-ல் முடிவு வந்தது. கை கழுவுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது போன்ற வேலைகள் திருந்தின. ஆனால் தாய், சேய் இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை.

இதையும் நாம் மறைக்காமல் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டியல் ஒரு நினைவூட்டி. அதுவே டாக்டர் ஆகாது, ரத்தம் ஆகாது, ஆம்புலன்ஸ் ஆகாது. மருத்துக்குக் கடைசி வரை பலமான எஞ்சின் கிடைக்காத மாதிரி, ஆஸ்பத்திரியில் ஆளும் மருந்தும் இல்லாவிட்டால், அட்டை மட்டும் என்ன செய்யும்? நல்ல ஆஸ்பத்திரியும் வேண்டும், நல்ல பட்டியலும் வேண்டும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால், எட்டாம் மாசம் பிறந்ததும் ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எந்த ஆஸ்பத்திரி? ராத்திரி இரண்டு மணிக்கு எப்படிப் போவது? (108-ஐ எல்லாருக்கும் சொல்லி வையுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கும்.) பெண்ணின் ரத்த வகை என்ன, அவசரத்துக்கு ரத்தம் தர முன்வருகிற இரண்டு பேர் யார்? தாய்-சேய் அட்டையும், ஸ்கேன் ரிப்போர்ட்டும் எந்தப் பையில்? கூட இருக்கப் போவது யார்?

அதன் கீழே, “வலி வரட்டும்” என்று காத்திருக்கக் கூடாத அறிகுறிகளையும் எழுதுங்கள். ரத்தப் போக்கு, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல், ஜன்னி, காய்ச்சல், பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல். இதில் எது வந்தாலும் நல்ல நேரம் பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டும்.

வாசலில் ஒரு நிமிடம்

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். நாம் தினமும் கிளம்புகிற விமானம் ஸ்கூட்டர்தான்! வீட்டுக்காரர் பின்னால் ஏறும்போது முந்தானை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறோமா? பட்டுப் புடவையின் முந்தானையோ, பெண்ணின் துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கே வினை. சைடு ஸ்டாண்ட் மேலே போயிற்றா? எல்லாவற்றையும் விட முக்கியம் ஹெல்மெட். தலையில் கவிழ்த்துக்கொண்டால் ஆயிற்றா? தாடைக்குக் கீழே பட்டை ‘க்ளிக்’ என்று பூட்ட வேண்டாமா? பூட்டாத ஹெல்மெட், கீழே விழும்போது நமக்கு முன்னால் எங்கோ உருண்டு போய்விடும். தாஸின் விமானத்தில் மூடி இல்லாமல் இல்லை. பூட்டுதான் நிற்கவில்லை. “ஹெல்மெட் போட்டாச்சா?” என்று கேட்பதை விட்டு, “பட்டை பூட்டியாச்சா?” என்று கேட்கப் பழகுங்கள்.

குக்கருக்கும் அப்படியே. மூடும் முன் மூடியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வெயிட் போடும் துவாரம் வழியாக வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். பருப்புத் தோலோ சோற்றுப் பருக்கையோ அடைத்திருந்தால் தெரியாது. ரப்பர் வளையம் விரிசல் விட்டிருக்கிறதா, பருப்பும் அரிசியும் பாதிக்கு மேல் போகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஊருக்குக் கிளம்பும்போது காஸ் சிலிண்டர் வால்வை மூடி, கை வைத்துத் திருகிப் பாருங்கள். “மூடின ஞாபகம்” கணக்கில் சேராது.

பட்டியல் போடுவதற்கும் மூன்று விதி உண்டு.

முதலாவது, சின்னதாக இருக்க வேண்டும். ஐந்தாறு வரி போதும். நீளமான பட்டியலை யாரும் படிக்க மாட்டார்கள்.

இரண்டாவது, செய்தவரே சரி பார்க்கக் கூடாது. ஒருவர் கேட்க, மற்றவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. கேட்கிறவர் வயதில் சின்னவரானாலும் பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டும். விமானத்தில் இளைய விமானி “இது சரியில்லை” என்று மூத்தவரிடம் துணிந்து சொல்வதற்கென்றே பயிற்சி தருகிறார்கள். நம் வீடுகளில் மருமகள் கேட்டால் மாமியாருக்குக் கோபம், பிள்ளை கேட்டால் அப்பாவுக்குக் கோபம். “எனக்கே சொல்லித் தர்றியா?” என்கிற அந்த ஒரு வார்த்தையை வீட்டை விட்டு ஓட்டிவிட்டால் பாதி ஆபத்து போயிற்று.

இந்தப் பக்கத்தை மூடியதும் ஒரு காகிதத்தை எடுத்து, உங்கள் வீட்டுக்கு வேண்டிய ஆறு வரியை எழுதி வாசல் கதவின் உள்பக்கத்தில் ஒட்டுங்கள். படிக்கத் தெரிந்த கடைக்குட்டியிடம் வாசிக்கும் வேலையைக் கொடுத்துவிடுங்கள். “அப்பா, பட்டை?” என்று அது கேட்கட்டும். “பூட்டியாச்சு கண்ணு” என்று அப்பா பதில் சொல்லட்டும். அப்புறம் வண்டி கிளம்பட்டும்.